பாட்டுச் சொன்னால்தான் வருகை: பெங்களூரிலிருந்து மைசூருக்கு 86 மைல்

சென்ற மாசி மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை பெங்களூர்த் தண்டுப் பகுதியிலிருந்து மைசூருக்கு ஒரு நாளில் போய்விட்டு வந்தேன். அரண்மனை பார்க்கப் போகவில்லை. சாமுண்டி மலை ஏறப் போகவில்லை. பட்டுப் புடவை வாங்கினாயா என்று தெருவில் நாலு பேர் கேட்டார்கள், அதுவும் இல்லை. ஒரு புத்தகத்தில் என் பெயரை அடித்துவிடாமல் காப்பாற்றிக்கொள்ளப் போனேன். போக 86 மைல், வர 86 மைல், நடுவில் இரண்டு மணி நேரம் வயிற்றெரிச்சல்.

விவரமாகச் சொல்கிறேன். மைசூரில் தமிழில் பாட்டு எழுதுகிறவர்கள் பதினாலு பேர் சேர்ந்து ஒரு சபை வைத்திருக்கிறோம். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, ஞாயிறு மாலை மூன்றரை மணிக்கு, லட்சுமிபுரத்தில் தலைவர் வீட்டு மாடியில் கூடுவோம். தலைவர் காட்டிலாகாவில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். பதினாலு பேரில் நான் ஒருத்திதான் பெண். மைசூரில் ஆசிரியையாக இருந்தபோது ஐந்தாவது ஆளாகச் சேர்ந்தேன். போன ஆடியில் பெங்களூர்ப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

ஆரம்பத்தில் கூட்டத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் கேசரிபாத்துக்கும் காப்பிக்கும்தான் வந்தார்கள். பாட்டு எங்கே என்றால் தலையைச் சொறிந்தார்கள். அதனால் ஒரு விதி போட்டோம். ஒவ்வொரு கூட்ட முடிவிலும் அடுத்த கூட்டத்துக்கு ஒரு பொருள் கொடுக்கப்படும். அடுத்த முறை செயலாளர் வரிசையாக ஒவ்வொரு பெயரையும் மூன்று தரம் வரை கூப்பிடும்போது, 'வந்திருக்கிறேன்' என்று சொன்னால் அது வருகை ஆகாது. அந்தப் பொருளில் நாலு அடியாவது பாட்டுச் சொல்ல வேண்டும். பாட்டுத்தான் வருகை. வருகைக் கட்டத்தில் பாட்டின் முதல் சொல்லை எழுதி, முழுப் பாட்டையும் அதே புத்தகத்தில் பதிந்துகொள்வார்கள். பாட்டு இல்லாமல் முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தாலும் புத்தகத்தில் 'இல்லை' என்றுதான் எழுதுவார்கள். தொடர்ந்து மூன்று 'இல்லை' விழுந்தால் பெயரை அடித்துவிடுவார்கள், மறுபடி சேர்க்க மாட்டார்கள். இந்த விதிக்கு முதலில் கை தூக்கினவளே நான்தான். என் புத்தியை என்ன சொல்வது!

ஐப்பசிக் கூட்டத்தன்று எனக்குக் காய்ச்சல். மார்கழிக் கூட்டத்தன்று பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்டர் வருகைக்கு முந்தின நாள், ஞாயிறென்றும் பாராமல் வரவழைத்துச் சுவரில் படம் ஒட்டச் சொன்னார்கள். இரண்டு 'இல்லை' ஆயிற்று. மாசியும் போனால் நானும் போனேன். செயலாளர் சம்பத்திடமிருந்து ஒரு கார்டு வந்தது. 'பொருள்: குடை. தங்கள் இடம் பத்திரமாக இருக்கிறது, கவலை வேண்டாம்' என்று எழுதியிருந்தார். கவலை வேண்டாம் என்று எழுதுகிறவர்களைப் போல மனிதரைக் கவலைப்படுத்துகிறவர்கள் உலகத்தில் கிடையாது. பத்திரமாக இருந்தால் ஏன் எழுத வேண்டும்?

என் வீட்டுக்காரர், "ஒரு கார்டில் பாட்டை எழுதிப் போட்டால் ஆகாதா?" என்று கேட்டார். ஆகாது, நேரில் சொன்னால்தான் வருகை என்று அரை மணி நேரம் விளக்கினேன். அவர் மில்லில் கணக்கு எழுதுகிறவர். பாட்டு விஷயத்தில் அவர் சொன்னதை நான் எந்தக் காலத்தில் கேட்டேன், இப்போது கேட்க?

காலை வண்டி சிட்டி ஸ்டேஷனிலிருந்து 8.10-க்குக் கிளம்புகிறது. மூன்றாம் வகுப்பு ஒரு ரூபாய் ஆறு அணா. மைசூரில் 12.55-க்குச் சேர வேண்டும். போகிறவர்கள் ஏழரைக்கே போய் இடம் பிடியுங்கள், வலது பக்கம் உட்காராதீர்கள், மத்தியானம் வரை வெயில் முகத்திலேயே இருக்கும் என்று யாரோ எனக்குச் சொன்னார்கள். நம்பி இடது பக்கம் உட்கார்ந்தேன். வெயில் இடது பக்கம்தான் வந்தது. ஆகவே வலது பக்கம் உட்காருங்கள்.

மடியில் என் பாட்டு இருந்தது. அதை எழுத எனக்கு ஐந்து வாரம் பிடித்தது. வேண்டும்போது விரியாமல், மழை விட்டபின் பெருமையாக விரிந்து நிற்கிற குடையைப் பற்றி எட்டு அடி. எனக்கு வேண்டிய நேரத்தில் உதவாமல் பிறகு வந்து நலம் விசாரித்த அத்தனை பேரையும் அந்தக் குடைக்குள் போட்டிருந்தேன். நான் எழுதியதிலேயே நல்லது அதுதான் என்று எனக்கே தெரிந்தது. இரண்டு முறை உறுப்பினர் பட்டியலில் 'இல்லை' வாங்கியவள், மூன்றாம் முறை இந்தப் பாட்டோடு எழுந்து நின்றால் எப்படி இருக்கும் என்று ராமநகரம் வரை நினைத்துக்கொண்டு போனேன்.

மத்தூருக்கு இரண்டு மைல் இருக்கும்போது வண்டி நின்றது. தண்டவாளத்தில் எருமை. ஒன்று இல்லை, ஆறு. ஐந்து போய்விட்டன. ஆறாவது நகரவில்லை. ரயில் கார்டு இறங்கிப் பச்சைக் கொடியால் தட்டினார். பயணிகள் இறங்கி ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கடைசியில் எருமைக்காரர் சாவகாசமாக வந்து அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், உடனே போயிற்று. நாற்பது நிமிஷம். மத்தூர் ஸ்டேஷனில் வடை நன்றாக இருக்கும், அரை அணாவுக்கு ஒன்று. நான் இருந்த எரிச்சலில் ருசி தெரியவில்லை, ஆனால் மூன்று சாப்பிட்டேன்.

மண்டியாவில் மறுபடி நின்றது. ஒற்றைப் பாதை. அரண்மனை விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு ஒரு தனி வண்டி பின்னால் வருகிறதாம், அதற்கு வழி விட வேண்டுமாம். ஒரு மணி பத்து நிமிஷம் ஓரப் பாதையில் காய்ந்தோம். அந்த வண்டி போகும்போது பார்த்தேன். எட்டுப் பெட்டியில் மொத்தம் ஏழு பேர் இருந்தார்கள், அதில் இரண்டு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு என்ன அவசரம்? நான் அல்லவா பெயர் கூப்பிடுமுன் போக வேண்டியவள்!

பிறகு ஸ்ரீரங்கபட்டணத்தில் ஐம்பது நிமிஷம். ஏன் என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. மைசூர் சேர்ந்தபோது மணி 3.35. சபையில் பெயர் கூப்பிட ஆரம்பித்து ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். நான் ஐந்தாவது பெயர். ஒவ்வொரு பாட்டுக்குப் பிறகும் ஆளாளுக்குக் கருத்துச் சொல்வார்கள். எங்கள் ஆட்கள் நாலு பாட்டுக்கு அரை மணி பேசாமல் விடமாட்டார்கள். ஸ்டேஷனிலிருந்து லட்சுமிபுரம் ஒன்றேகால் மைல், ஜட்காவில் கால் மணி. முடியும் என்று நினைத்தேன்.

ஜட்காவுக்கு நாலு அணா. ஆறு அணா கேட்பார்கள், கொடுக்காதீர்கள். வண்டிக்காரர் கொள்ளேகாலத்துப் பக்கம், அதாவது கோயமுத்தூர் ஜில்லாக்காரர். தமிழ் பேசினதில் எனக்கு நிம்மதி. இருபது கஜம் போனதும் வண்டியை நிறுத்திவிட்டார். எதிரே குதிரைச் சவாரிப் போலீஸ் கயிறு கட்டி நிற்கிறது. மண்டியாவில் என்னைக் காய வைத்த அதே விருந்தாளிகள் ஸ்டேஷனில் காப்பி குடித்து முடித்து இப்போதுதான் கோச்சு வண்டியில் ஏறுகிறார்களாம். அவர்கள் போகும்வரை ஜட்கா எதுவும் அசையக் கூடாது.

"கல்யாணத்துக்குப் போறீங்களாம்மா, இந்தப் பறப்புப் பறக்கறீங்க?" என்று கேட்டார் வண்டிக்காரர்.

பாட்டுச் சொல்லப் போகிறேன், நேரத்துக்குப் போகாவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள் என்றேன்.

"பாட்டு எங்கீங்க ஓடிப்போகுது? நாளைக்குச் சொன்னாலும் அதே பாட்டுத்தானுங்களே" என்று சொல்லிவிட்டுக் குதிரைக்குப் புல் போட இறங்கினார். எனக்கு இன்னும் கோபமாக வந்தது.

தலைவர் வீட்டு வாசலில் இறங்கும்போது 4.20. மாடிப்படி இருபத்திரண்டு. ஏறும்போதே காதில் விழுந்தது, ஒன்பதாவது ஆள் பாடிக்கொண்டிருந்தார். தீர்ந்தது என்று நினைத்தேன். ஐந்தாவது பெயர் மூன்று தரம் கூப்பிட்டு, மூன்றாவது 'இல்லை' போட்டு, அரை மணி ஆகியிருக்கும். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எதற்கும் உள்ளே போய் முகத்தையாவது காட்டிவிட்டு வருவோம் என்று போனேன்.

எல்லோரும் திரும்பினார்கள். தலைவர் முகமெல்லாம் சிரிப்பாக, "வாருங்கள் அம்மா! உங்கள் பாட்டைக் கேட்டு இன்னும் மயக்கம் தெளியவில்லை" என்றார்.

கேலி செய்கிறார் என்று நினைத்தேன். பெண் பிள்ளை ஓடி வந்து மூச்சு வாங்க நிற்கிறாள், அவளைக் கேலி செய்கிற ஜன்மங்கள் என்று நினைத்தேன். எனக்கென்று போட்டிருக்கும் நாற்காலி செயலாளர் மேஜைக்குப் பக்கத்தில் இருக்கும், ஆண்களுக்கு நடுவே உட்கார வைக்கக் கூடாதாம். அதில் போய் உட்கார்ந்தேன். முன்வரிசையில் இருந்த பொன்னுசாமி என் பக்கம் சாய்ந்தார். கொள்ளேகாலம் பக்கத்து அனூரிலிருந்து வந்து மைசூரில் மளிகைக் கடை வைத்திருப்பவர், எதிலும் அபிப்பிராயம் உள்ளவர்.

"நெசமாச் சொல்றனுங்க, இந்த மூணு தடவையாத்தான் உங்க பாட்டுல ஒரு நெதானம் வந்திருக்குது. முந்தியெல்லாம் யாரையோ அடிக்க வர்ற மாதிரி இருக்கும். பெங்களூர்த் தண்ணி உங்களுக்கு ஒத்துக்கிச்சுங்க."

மூன்று தடவையா? என்ன பாட்டு, யார் சொன்னது என்று கேட்டேன். அவருக்கு நான் கேட்டதே விளங்கவில்லை. நான் தபாலில் அனுப்புகிறேனாம், செயலாளர் படிக்கிறாராம். முதல் தடவை இரண்டொருவர் ஆட்சேபித்தார்களாம். பெயர் கூப்பிடும்போது பாட்டு ஒலிக்க வேண்டும் என்றுதான் விதி இருக்கிறது, யார் வாயில் ஒலிக்க வேண்டும் என்று இல்லை என்று தலைவர் தீர்ப்புச் சொல்லிவிட்டாராம்.

நான் சம்பத்தைப் பார்த்தேன். மேல்கோட்டைப் பக்கத்துக் குடும்பம், சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா, நாற்பது வயது, கூட்டத்தில் சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. அவர் மைக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது சிவந்திருந்தது.

எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படி எழுதுவேன்! ஐந்து வாரம் உட்கார்ந்து எழுதின பாட்டு மடியில் கிடக்கிறது. ஒருவருக்கு ஒரு பாட்டுத்தான், அதுவும் விதி. என் பெயருக்கு உள்ள பாட்டை யாரோ எழுதி, யாரோ படித்து, எல்லோரும் கைதட்டி முடித்தாகிவிட்டது. எருமைக்கும் விருந்தாளிக்கும் நான் சிந்தின வியர்வைக்கு இங்கே வேலையே இல்லை. போதாததற்கு அந்தப் பாட்டு என் பாட்டைவிட நிதானமாம்! புத்தகத்தை என் பக்கம் இழுத்துப் படித்தேன். 'விசாலாட்சி' என்று என் பெயர் போட்டு நாலே அடி. ஒரு குடையில் இரண்டு பேர் போகிறார்கள். பிடித்திருப்பவர் அடுத்தவர் பக்கமாகச் சாய்த்துப் பிடிக்கிறார். வீடு வந்ததும் அடுத்தவர் சொல்கிறார், நல்ல குடை, ஒரு சொட்டு விழவில்லை என்று. பிடித்தவர் நனைந்த தோளை வாசலுக்கு வெளியே பிழிந்துகொள்கிறார். அவ்வளவுதான். நன்றாகத்தான் இருந்தது. அதனால்தான் கிழித்துப் போடத் தோன்றியது.

எல்லாப் பெயரும் முடிந்ததும், பெயர் நீக்கம் படிக்கும் முன், 'வேறு சங்கதி உண்டா' என்று தலைவர் கேட்பார். அப்போது எழுந்து நடந்ததை நடந்தபடி சபையில் போட்டு உடைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். என் பெயர் போனாலும் போகட்டும், இந்த மனிதர் எழுதின பாட்டுக்கு நான் பெயர் வாங்க மாட்டேன்.

பத்து, பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று. ஒவ்வொருவராகக் குடை பிடித்து முடித்தார்கள். கீழேயிருந்து நெய் வாசனை வந்தது. பாதிப் பேர் மேல்துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். கடைசிப் பெயர் செயலாளருடையது. வழக்கப்படி அவர் பெயரையும் அவரேதான் கூப்பிட வேண்டும். மற்றவர்களைக் கூப்பிட்ட அதே குரலில் கூப்பிட்டார்.

"சம்பத்."

யாரும் கவனிக்கவில்லை. அவரும் எழுந்து நிற்கவில்லை.

"சம்பத்" என்றார் இரண்டாம் முறை. பேனாவை மையில் தோய்த்தார்.

அப்போதுதான் புத்தகத்தில் கடைசி வரியைப் பார்த்தேன். ஐப்பசி: இல்லை. மார்கழி: இல்லை. அவர் கையெழுத்திலேயே, கோணாமல் எழுதியிருந்தது. மாசிக் கட்டத்தின் மேல் பேனா நின்றது. அடுத்த பக்கத்தில் பெயர் நீக்கப் பட்டியல் தயாராக இருந்தது, அதில் ஒரே பெயர்.

இரண்டு மாதத்துக்கு நாலு அடிக்கு மேல் இந்த மனிதருக்கு வராது, அது சபைக்கே தெரியும். அந்த நாலு அடியை ஒவ்வொரு தடவையும் எனக்குக் கொடுத்துவிட்டு, எதிரிலேயே உட்கார்ந்துகொண்டு, தனக்கு 'இல்லை' போட்டுக்கொண்டிருக்கிறார்.

மூன்றாம் முறை அவர் வாயைத் திறந்தார். என்னை அறியாமல் எழுந்துவிட்டேன்.

"இருக்கிறார்" என்றேன். மடியிலிருந்த காகிதத்தைப் பிரித்து என் எட்டு அடியையும் படித்தேன்.

செயலாளர் பாட்டை நீங்கள் ஏன் படிக்கிறீர்கள் என்று தலைவர் கேட்டார். அவருக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்றேன். ஒரு மணி நேரமாக ஒரு கம்மலும் இல்லாமல் பெயர் கூப்பிட்ட தொண்டை! யார் வாய் என்று விதியில் இல்லையே என்றும் சேர்த்துச் சொன்னேன். தலைவர் தம் தீர்ப்பைத் தாமே மறுக்க முடியாமல் தலையை ஆட்டினார். சம்பத் பேனாவை வைத்துவிட்டு, மறுபடி எடுத்து, மாசிக் கட்டத்தில் என் பாட்டின் முதல் சொல்லை எழுதினார்.

கருத்துச் சொல்லாமல் சாப்பிடப் போகலாமென்றால் பொன்னுசாமி விட்டால்தானே.

"சம்பத் சாமி, தப்பா நெனைக்காதீங்க. உங்க பாட்டுல இன்னைக்குக் காரம் சாஸ்தி. விசாலாட்சியம்மாகிட்டக் கொஞ்சம் கத்துக்கோணுமுங்க. என்ன நெதானம்!"

எல்லோரும் ஆமாம் என்றார்கள்.

காப்பி குடிக்கும்போது சம்பத்தை ஜன்னலோரம் பிடித்தேன். ஒரு வரி எழுதிக் கேட்டிருந்தால் நானே பாட்டை அனுப்பியிருக்க மாட்டேனா, இவ்வளவு கூத்து எதற்கு என்று கேட்டேன்.

"முதல் தடவை உங்க பேரை ரெண்டு தரம் கூப்பிட்டுட்டேன். மூணாவது தரம் கூப்பிட வாய் வரலை" என்றார். "அப்புறம் எழுதலாம்னுதான் இருந்தேன். எழுதினா நீங்க நேரே தலைவருக்கே காகிதம் போட்டு, நான் அனுப்பவே இல்லைன்னு சொல்லிடுவேள்."

சொல்லியிருப்பேன். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. உங்கள் பெயர் போனால் பரவாயில்லையா என்றேன்.

"நான் போனா இன்னொரு குமாஸ்தா வருவான். நீங்க போனா அந்த நாற்காலியை எடுத்து உள்ளே போட்டுடுவா" என்று சொல்லிவிட்டு, கேசரிபாத்து ஆறுகிறது என்று போய்விட்டார். நன்றி சொல்லக்கூட விடவில்லை. திட்டவும் விடவில்லை. இப்படிப்பட்டவர்களோடு எப்படிக் காலம் தள்ளுவது!

திரும்புகிற வண்டி மைசூரில் மாலை 6.10-க்கு. அன்று சரியான நேரத்துக்குக் கிளம்பிச் சரியான நேரத்துக்குச் சேர்ந்தது, அவசரமில்லாத நாளில் அப்படித்தான் இருக்கும். வீட்டுக்காரர் கதையைக் கேட்டுவிட்டு, "அப்போ கார்டு போட்டிருந்தால் போதும்" என்றார். விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன்.

நான் எழுதியதில் நல்ல பாட்டு இப்போது மைசூரில் ஒரு புத்தகத்தில், சம்பத் என்ற பெயரில், காரம் அதிகம் என்ற குறிப்போடு இருக்கிறது. என் பெயரில் மூன்று பாட்டு இருக்கிறது, மூன்றும் என்னுடையது இல்லை. எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் பதினாலு பெயரும் அப்படியே இருக்கின்றன. நாற்காலியும் மேஜைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

மைசூரில் இந்த மாதிரிச் சபைகளில் சேர்ந்து வெளியூரிலிருந்து போய்வர நினைக்கிறவர்களுக்குச் சில வார்த்தைகள். காலை வண்டியை நம்பாதீர்கள், சனிக்கிழமை மாலையே போய்விடுங்கள். சாப்பாட்டைக் கையில் கட்டிக்கொள்ளுங்கள். கூட்டத்தில் புத்தகத்தின் கடைசி வரியையும் ஒரு முறை பாருங்கள். பாட்டு இரண்டாக எழுதிக்கொண்டு போங்கள்.